பியூரிட்டன் கதையில் நான் விட்டுவிட்ட பெண்

"பியூரிட்டன்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ரங்கூனில் அமெரிக்க மிஷன் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியையாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது.

எங்கள் தலைமையாசிரியை ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். எல்லோருக்கும் அவர் மிஸ்ஸியம்மா. பர்மிய மொழியில் சந்தைக்காரிகளோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தார். தமிழில் மட்டும் "உட்காரு", "சத்தம் போடாதே", "சாப்பிட்டாச்சா" என்ற மூன்றைத் தாண்டவில்லை. அதனால் எங்கள் தமிழ்ச் சபையில் அவர் எப்போது பேசினாலும் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வது என் வேலை.

அந்த வருஷம் மழை குறைந்து வந்த அக்டோபரில் அவர் ஒரு திட்டத்தோடு என்னைக் கூப்பிட்டார். நவம்பரில் அவர்கள் நாட்டில் நன்றி செலுத்தும் நாள் ஒன்று உண்டாம். ஒவ்வொரு வருஷமும் நாலைந்து அமெரிக்கர்கள் கூடி ஒரு வாத்தை வாட்டித் தின்றுவிட்டு ஊரை நினைத்துக்கொண்டு கலைந்துவிடுவார்களாம்.

"இந்த முறை உங்கள் ஜனங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். என் முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள், எதை நம்பினார்கள் என்று. நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் ஜனங்களும் கடல் கடந்து வந்தவர்கள்தானே, அவர்களுக்குப் புரியும்" என்றார்.

போட்டாதாங் பக்கம், படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் சபை. மரக் கட்டடம், தகரக் கூரை. கப்பலில் அரிசி ஏற்றும் நாட்களில் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால்கூடத் தவிட்டுத் தூசி பறக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், அவர்கள் பெண்டுபிள்ளைகள், துரை வீடுகளில் ஆயா வேலை செய்தவர்கள். முன்வரிசையில் மட்டும் சில குமாஸ்தாக்கள், பேரேட்டு இங்கிலீஷ் தெரிந்தாலும் மிஸ்ஸியம்மாவின் அமெரிக்கப் பேச்சு பிடிபடாதவர்கள். அவர்களில் முக்கியமானவர் எங்கள் சபை மூப்பர். ஓர் அரிசி ஆலையில் தலைமைக் குமாஸ்தா. கஞ்சி போட்ட கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் அப்படித்தான். போதகரை நாங்கள் ஐயர் என்று அழைப்போம். நல்ல மனிதர், ஆனால் மூப்பர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறவர்.

பியூரிட்டனுக்கு "பரிசுத்தர்" என்று போட்டால் அப்போஸ்தலர்களோடு சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் "சுத்தக்காரர்" என்று முடிவு செய்தேன். முதல் ஞாயிறு அந்தச் சொல்லைச் சொன்னவுடனே பின்வரிசையிலிருந்து ஒரு துறைமுகத் தொழிலாளி எழுந்தார்.

"டீச்சரம்மா, சுத்தக்காரங்கன்னா எப்படி? நம்ம ஊர் பெரிய தெருக்காரங்க மாதிரியா? நாம எதிர வந்தா ஒதுங்கிப் போவாங்களா?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் ஊரில் அந்தச் சுத்தத்தின் பேரால் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். கப்பல் ஏறியதற்குப் பசி ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். இதை ஆங்கிலத்தில் மிஸ்ஸியம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று திணறி, ஒருவழியாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இல்லை, மனிதர்களைத் தொடாமல் இருக்கிற சுத்தம் இல்லை. அவர்கள் சுத்தம் செய்யப் பார்த்தது கோயிலை. அந்தப் பெயரும் அவர்களாக வைத்துக்கொண்டதில்லை, மற்றவர்கள் கேலியாக வைத்தது" என்றார்.

பிறகு கதையைத் தொடங்கினார். இங்கிலாந்து தேசத்தில் ராஜாவே திருச்சபைக்கும் தலைவர். எந்த ஜெபத்தை எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், குருவானவர் என்ன அங்கி போட வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதெல்லாம் மேலேயிருந்து வரும் உத்தரவு. வேதத்தில் இல்லாத இந்த ஆடம்பரமெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களில் இரண்டு வகை. "ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டே வெளியேறியது. இன்னொரு கூட்டம் வீட்டுக்குள்ளேயே இருந்து ஒட்டடை அடிக்கப் பார்த்தது." வெளியேறியவர்கள் பண்ணை வீடுகளில் ரகசியமாகக் கூடினார்கள், பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். ஹாலந்துக்குத் தப்பி அங்கே நெசவும் கூலி வேலையுமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துவிட்டு, பிள்ளைகள் அந்நிய பாஷைக்காரர்களாக மாறுவதைப் பார்த்து பயந்து, ஒரு சின்னக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஒட்டடை அடிக்கப் பார்த்தவர்கள் அது நடக்காது என்று தெரிந்து, பத்து வருஷம் கழித்துப் பல கப்பல்களில் வந்தார்கள். மிஸ்ஸியம்மாவின் அப்பா வழி முன்னோர்கள் இரண்டாவது கூட்டம்.

பிள்ளைகள் வேறு பாஷை பேசுவதைப் பற்றிச் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. எங்கள் பிள்ளைகள் தெருவில் பர்மிய மொழியில்தான் விளையாடுவார்கள். என்னையே "சயாமா" என்றுதான் கூப்பிடுவார்கள், டீச்சர் என்பதற்குப் பர்மியச் சொல் அது.

"எத்தன நாளு கப்பல்ல வந்தாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இரண்டு மாதத்துக்கு மேல்."

"யம்மாடி! நாலு நாளுக்கே நமக்குக் கொடல் வாய்க்கு வந்துருச்சு."

"கூட்டியாந்த மேஸ்திரி யாரு?"

ஆள் பிடித்துக் கப்பலேற்றி, வேலைக்கு விட்டு, கூலியில் பங்கு எடுக்கிற மேஸ்திரி இல்லாமல் ஒரு கூட்டம் கடல் கடக்கும் என்பதை எங்கள் ஆட்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மிஸ்ஸியம்மா சொன்னார்: "பணம் போட்ட வியாபாரிகள் இருந்தார்கள். ஆனால் கரை இறங்கும் முன்னால் கப்பலிலேயே ஒரு காகிதம் எழுதினார்கள். நமக்கான சட்டத்தை நாமே கூடிப் பேசி வைத்துக்கொள்வோம், அதற்கு நாமே கட்டுப்படுவோம் என்று. அதில் வேலைக்காரர்கள் சிலரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தச் சபையில் எதையும் கை தூக்கித் தீர்மானிக்கிறீர்களே, அந்த வழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான்."

அதைக் கேட்டு ஆண்கள் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது ஞாயிறு அவர்களுடைய நம்பிக்கைகள். அதில்தான் நான் முதலில் சறுக்கினேன். யார் ரட்சிக்கப்படுவார்கள் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார், மனிதனுடைய நற்செயல் எதுவும் அதை மாற்றாது என்று பியூரிட்டன்கள் நம்பினார்களாம். வேதத்தில் அதற்குச் சொல் இருக்கிறது, முன்குறித்தல். ஆனால் பின்வரிசை முகங்களைப் பார்த்ததும் என் வாயில் வந்தது "தலையெழுத்து."

ஆகா என்று தலைகள் ஆடின. "அதத்தானே எங்கம்மாவும் சொல்லும்!" என்றது ஒரு குரல். ஐயர் பதறிப்போய் எழுந்து, அது வேறு இது வேறு என்று கால் மணி நேரம் விளக்கினார். அவர் உட்கார்ந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"முன்னாடியே எழுதியாச்சுன்னா, நம்ம பேரு அதுல இருக்கா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டது மருத்துவச்சி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்துபோனார். படகுத்துறைப் பக்கத்துத் தொழிலாளர் லயன்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், இரண்டும் கலந்த பிள்ளைகள் எல்லாம் அவர் கையில் விழுந்தவைதான். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்று வேதத்தை மூன்று முறை படித்து முடித்தவர். துரைமார் வீடுகளில் பிரசவம் பார்த்துப் பார்த்துக் காதில் விழுந்த இங்கிலீஷும் கொஞ்சம் உண்டு.

"தெரியாது" என்றார் மிஸ்ஸியம்மா. "அதுதான் அவர்களுடைய வேதனை. அதனால்தான் ஒவ்வொரு நாளும் தங்கள் மனதைத் தாங்களே சோதித்தார்கள். இன்று எனக்குப் பெருமை வந்ததா, பொறாமை வந்ததா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். சபையில் சேர வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் நின்று, கடவுள் தன் இருதயத்தைத் தொட்ட கதையைச் சொல்ல வேண்டும். பெண்ணானாலும் ஆணானாலும் படிக்கத் தெரிய வேண்டும். வேதத்தைத் தானே படிக்காதவனைச் சாத்தான் எளிதாக ஏமாற்றிவிடுவான் என்பார்கள்."

மருத்துவச்சி, "அது நல்லாருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை, வேதத்தில் அந்தத் தேதி இல்லாததால் அன்றைக்கும் வேலைக்குப் போனார்கள் என்றதும் பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இம்மி பிசகாமல் காத்தார்கள். வேலை இல்லை, விளையாட்டு இல்லை, பயணம் இல்லை. மூப்பர் முகத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர் ஐயரிடம், "இப்படிப்பட்ட ஒழுங்குதான் நம்ம சபைக்கு வேணும்" என்றார்.

அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மருத்துவச்சியின் வீட்டு மாடியறையில் புதன்கிழமை பிற்பகல்களில் பெண்கள் கூடுவார்கள். பத்துப் பதினைந்து பேர், மடியில் பிள்ளைகளோடு. ஒரு அதிகாரம் வாசித்துவிட்டு, போன ஞாயிறு ஐயர் சொன்னதைப் பற்றிப் பேசுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஐயர், ஓய்வுநாளில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தேவ ராஜ்யத்தில் இடமில்லை என்று பிரசங்கம் செய்திருந்தார். அந்த வாரம் மருத்துவச்சி சொன்னார்:

"ஐயர் நல்லவருதான், ஆனா இது சரியில்ல. பிள்ள என்ன, ஞாயித்துக்கெழமைன்னு பாத்து வயித்துக்குள்ளயே இருக்குமா? நான் போய்ப் பாக்குறேன், என்னைப் பாவின்னு யாரும் சொல்லல. கப்பல் வந்து நிக்குறப்ப போகலன்னா மறுநாள் மேஸ்திரி வேலை குடுக்க மாட்டான். பிள்ளைங்க பட்டினி. அவன் மட்டும் எப்படிப் பாவி? இதக் கர்த்தர் எனக்குச் சொல்றாரு, நான் உங்ககிட்ட சொல்றேன்."

வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம், நானும் அங்கே இருந்தேன். நான்கைந்து புதன்கிழமைகள் போயிருந்தேன். இது மூப்பருக்குத் தெரியாது. என் ஆசிரியை வேலைக்கு ஒவ்வொரு வருஷமும் சபையிலிருந்து நற்சான்று வேண்டும். அதில் மூப்பர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

மூன்றாவது ஞாயிறு ஐயர் வெளியூர்ச் சபைக்குப் போயிருந்தார். மிஸ்ஸியம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். மனசாட்சிக்காகத் தப்பி வந்தவர்கள், வந்த இடத்தில் மற்றவர்கள் மனசாட்சிக்கு இடம் கொடுக்கவில்லை என்று தொடங்கினார். எங்களைப் போல வயது வந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பதே சரி என்றவர்களைச் சாட்டையால் அடித்துத் துரத்தினார்களாம். அதைச் சொன்னேன். அடுத்து அவர் சொன்னது இது.

பாஸ்டன் நகரத்தில் ஒரு பெண் இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்கிறவள், தானும் நிறையப் பிள்ளைகளைப் பெற்றவள். தன் வீட்டில் பெண்களைக் கூட்டி, போதகர்களின் பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவாள். கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்றாள். பெரியவர்கள் கூடி அவளை விசாரித்தார்கள். அப்போது அவள் கர்ப்பிணி. அவள் சொன்ன பதில்களுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நாட்டைவிட்டுப் போ என்றார்கள். குளிர் விலகாத காலத்தில் காட்டு வழியே நாள் கணக்காக நடந்து போனாள். "அவளை வெளியேற்ற வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருவர் என் அப்பா வழி முன்னோர். என் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் அதை வெட்கத்தோடு சொல்கிறேன்" என்று முடித்து, என் முகத்தைப் பார்த்தார், நான் தமிழில் சொல்வதற்காக.

முன்வரிசையில் மூப்பர். மூன்றாவது வரிசையில் மருத்துவச்சி. இதை அப்படியே சொன்னால் நானாகச் சேர்த்துச் சொன்னதாக மூப்பர் நினைப்பார், அப்புறம் நான் புதன்கிழமை போனதும் வெளியே வரும் என்று தோன்றியது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள்.

"இப்படிச் சபையின் ஒழுங்கை மீறினவர்களையும் அவர்கள் விலக்கி வைத்தார்கள்" என்றேன். அவ்வளவுதான்.

மிஸ்ஸியம்மாவின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. தமிழ் சுருக்கமான பாஷை என்று நினைத்திருப்பார். மேலே பேசத் தொடங்கினார்.

வாசலில் மருத்துவச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சரு, அவங்க அவ்வளவு நேரம் பேசுனாங்க. நீ ஒரு வரிதான் சொன்ன. நடுவுல மிட்வைஃப்ன்னு காதுல விழுந்துச்சே?"

"அது... வேற ஒரு விஷயம்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டவில்லை. "சரி, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அந்த மூன்று சொல்லை நினைத்தால் இன்றைக்கும் சுருக்கென்கிறது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மூப்பர் சொல்லிச் சபைக் கூட்டம் கூட்டப்பட்டது. மருத்துவச்சியைச் சபையிலிருந்து நீக்குவதா என்பதுதான் விஷயம். மிஷன் சார்பில் மிஸ்ஸியம்மாவும் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் அவர் காதோரம் நான்.

மூப்பர் குறைகளை எழுதி வந்து படித்தார். அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தியது, போதகரைக் குறை சொன்னது, கர்த்தர் பேசினார் என்று ஜனங்களைக் குழப்பியது. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ்ஸியம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியாக மூப்பர் காகிதத்தை மடித்துவிட்டு, கம்பீரமாகச் சொன்னார்:

"இது நாமாகச் செய்யுற புது வழக்கம் இல்ல. ஒழுங்கை மீறினவங்களை விலக்கித்தான் மிஸ்ஸியம்மாவோட முன்னோர்கள் ஒரு தேசத்தையே கட்டினாங்க. போன ஞாயிறு மிஸ்ஸியம்மாவே நமக்கு அதைச் சொன்னாங்க."

இதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மறுபடியும் விழுங்கிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மருத்துவச்சி அங்கே தனியாகப் போட்ட நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் குழந்தையையும் ஏந்தாத அந்தக் கைகளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூப்பர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிஸ்ஸியம்மா திடுக்கிட்டார். "நானா? நான் அந்தப் பெண்ணின் கதையை அல்லவா சொன்னேன்? அதைக் கேட்ட பிறகுமா இவர்கள் இப்படி?"

"அவர்கள் கேட்கவில்லை, அம்மா. நான் சொல்லவில்லை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போது சொல்" என்றார். குரலில் கோபம் இல்லை, கட்டளைதான் இருந்தது.

எழுந்து நின்றேன். போன ஞாயிறு மிஸ்ஸியம்மா சொன்னதில் ஒரு பகுதியை நான் மறைத்துவிட்டேன், பயத்தால் மறைத்தேன் என்று முதலில் சொன்னேன். பிறகு அந்தப் பாஸ்டன் பெண்ணின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிள்ளைப்பேறு பார்க்கிறவள் என்றதும் பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் மருத்துவச்சியை நோக்கித் திரும்பின. விசாரித்தவர்களில் மிஸ்ஸியம்மாவின் முன்னோர் ஒருவர் இருந்தார், அதை அவர் வெட்கத்தோடு சொன்னார் என்பதையும் சொன்னேன். கடைசியில், கேட்காமலே, "நானும் புதன்கிழமை கூட்டத்துக்குப் போயிருக்கேன்" என்றேன்.

மூப்பர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அது அந்த நாட்டுக் கதை" என்றார். முன்பு இருந்த கம்பீரம் இல்லை.

ஐயர் மருத்துவச்சியிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

மருத்துவச்சி எழுந்தார். "ஐயரே, உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க சொன்னது தப்புன்னு பட்டுச்சு, சொன்னேன். உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும், அதச் செய்யல. அது என் குத்தம். மத்ததுக்கு மன்னிப்புக் கேக்க வாய் வரல. புதன்கெழம நீங்களும் வாங்க. உக்கார எடம் இருக்கு."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

நீக்க வேண்டும் என்பவர்கள் முதலில் கை தூக்கினார்கள். முன்வரிசை முழுவதும், நடுவிலும் கணிசம். ஐயர் எண்ணி முடித்தார். பிறகு, வேண்டாம் என்பவர்கள். பின்வரிசைத் துறைமுக ஆட்களின் கைகள் எழுந்தன. அது போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. எங்கள் சபையில் பெண்களும் கை தூக்கலாம், விதியில் தடையில்லை, ஆனால் யாரும் அதுவரை தூக்கியதில்லை. ஒரு ஆயா, இடுப்பில் இருந்த பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். தன் கணவன் முன்வரிசையில் திரும்பிப் பார்த்து முறைப்பது தெரிந்தும் ஒரு குமாஸ்தாவின் மனைவி தூக்கினார். ஐயர் இரண்டு முறை எண்ணினார். நாலு கை வித்தியாசத்தில் மருத்துவச்சி சபையில் தங்கினார்.

மூப்பரும் மூன்று குடும்பங்களும் அந்த மாதமே வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. சொந்த ஊரில் தெருவுக்கு வெளியே நின்ற குடும்பம் அவருடையதும். இங்கே கோட்டும் கண்ணாடியும் ஒழுங்கும்தான் அவர் தேடிக்கொண்ட மரியாதை. அது கலைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. என் நற்சான்றில் பிறகு ஐயரே கையெழுத்துப் போட்டார்.

மிஸ்ஸியம்மாதான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, மறுநாள் ஞாயிறு சொல்ல வேண்டிய கதையையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் பள்ளி விட்டபின் அறைக்குக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெட்கத்தோடு சொல்கிறேன் என்ற அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆனது. என் அப்பாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை. கடைசியில் சொன்னேன், நீ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "எனக்கு அப்பா வழியில் அடித்தவர்கள், அம்மா வழியில் அடிபட்டவர்கள். அம்மாவின் குடும்பம் முழுக்கு எடுத்ததற்காகத் துரத்தப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரே வேதத்தைத்தான் படித்தார்கள். ஒரே மாதிரி அழுதுகொண்டுதான் படித்தார்கள். எந்தப் பக்கத்தையும் என்னால் வெறுக்க முடியவில்லை."

"நீங்கள் என்னை வெறுக்கிறீர்களா?" என்று கேட்டேன். அந்த வயதில் அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

"நீ பயந்தாய். அந்த விசாரணையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் பயத்தால் வாயை மூடிக்கொண்டார்களோ? நீ ஆறு நாளில் வாயைத் திறந்துவிட்டாய்" என்றார். ஆனாலும் தள்ளி வைத்த அந்த நாலாவது கதைக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஐயரே மொழிபெயர்க்கட்டும் என்றார். எனக்கு வலித்தது. நியாயம் என்றும் பட்டது.

நான் பெண்கள் பக்கத்தில், மருத்துவச்சிக்கு அருகே உட்கார்ந்து கேட்டேன். ஐயர் எப்படிச் செய்வாரோ என்று பயந்தேன். நன்றாகவே செய்தார். முதல் கூட்டம் கரை இறங்கிய குளிர்காலத்தில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். புதைத்த இடம் வெளியே தெரியாதபடி மண்ணைச் சமன் செய்தார்கள் என்று சொல்வார்களாம், தாங்கள் எவ்வளவு குறைந்துவிட்டோம் என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று. வசந்தம் வந்ததும் அந்த மண்ணின் பூர்வ ஜனங்களில் ஒருவர் வந்து, ஒவ்வொரு குழியிலும் மீனைப் போட்டு அதன்மேல் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். அறுவடை நன்றாக வந்தது. அந்த ஜனங்களோடு மூன்று நாள் சேர்ந்து உண்டார்கள்.

ஒரு படகுக்காரரின் மனைவி, பர்மியப் பெண், கல்யாணம் செய்துகொண்டு சபைக்கு வந்தவர், தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்: "அந்த ஊர் ஆளுங்க, சோளம் சொல்லிக்குடுத்தவங்க, அப்புறம் என்ன ஆனாங்க?"

ஐயர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ்ஸியம்மா பதில் சொன்னார். ஐயர் முகம் வாடியது. ஆனால் விழுங்கவில்லை.

"அவங்க நெலத்த இவங்க எடுத்துக்கிட்டாங்க. ஒரு தலைமுறைக்குள்ள சண்டை வந்துச்சு. நெறையப் பேர் செத்தாங்க, மிச்சம் இருந்தவங்கள அடிமையா வித்தாங்க. நன்றி சொல்ற நாள்ல அதையும் நெனைக்கணும்னு மிஸ்ஸியம்மா சொல்றாங்க."

பர்மியப் பெண் தலையை அசைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்தில் இருந்த அவர் கணவர் கூரையைப் பார்த்தார். வெளியே படகுத்துறையில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

அப்போது மிஸ்ஸியம்மா இன்னொன்று சொன்னார். அந்தச் சின்னக் கப்பல் குளிர்காலம் முழுவதும் கரையோரம் நின்றிருந்தது. ஏப்ரலில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. பாதிப் பேரைப் புதைத்தவர்களிடம், வருகிறவர்கள் வரலாம் என்றார் கப்பல் தலைவர். ஐயர் அடுத்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, சரியாகத்தான் கேட்டோமா என்று அவரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர்கூட ஏறலயாம்."

பின்வரிசையில் ஒரு கிழவர், இருபது வருஷமாக அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மெல்லச் செருமினார். மருத்துவச்சி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஐயர் ஜெபம் செய்யலாம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம்.